ஹேவ்லாக்கில் எங்கே டைவ் அடிப்பது: கார்டைப் பாருங்கள், காலண்டரைப் பாருங்கள், அப்புறம் பெயரைப் பாருங்கள்

அந்தமானுக்கு டிக்கெட் போட்ட கையோடு எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஹேவ்லாக்கில் பெஸ்ட் ஸ்கூபா டைவ் சைட் எது?" என்பதுதான். ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாக்கிள், தி வால் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு போய் இறங்கினால், "உங்க கார்டுக்கு அங்க கூட்டிப் போக முடியாது", "இன்னிக்கு நீரோட்டம் அதிகம்", "இந்த மாசம் படகு அவ்வளவு தூரம் போகாது" என்று ஒவ்வொன்றாகத் தட்டிப்போகும். நீங்கள் எங்கே டைவ் அடிக்கலாம் என்பதை முடிவு செய்பவை மூன்று: கையிலிருக்கும் கார்டு (டைவிங் பயிற்சி முடித்ததற்கான சான்று அட்டை), போகும் மாதம், அன்றைய திதி. இந்த மூன்றும் தெரிந்த பிறகு பெயரைத் தேடினால் நாளும் பணமும் வீணாகாது.

ஒரு சின்ன விஷயம். ஹேவ்லாக்கின் அரசுப் பெயர் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவு. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். கப்பல் டிக்கெட்டில் எந்தப் பெயர் வந்தாலும் ஊர் அதுவேதான், பதற வேண்டாம். இங்கே பழக்கத்திலிருக்கும் பெயர்களையே எழுதியிருக்கிறது.

1. கார்டு எத்தனை மீட்டருக்கு என்று பாருங்கள்

கார்டே இல்லாதவர்களுக்கு டிரை டைவ், அதாவது ஒரு தடவை முயன்று பார்ப்பது. இன்ஸ்ட்ரக்டர் உங்களைப் பிடித்தபடியே கூட்டிப்போவார். எல்லை 12 மீட்டர். முதல் நிலைப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கார்டுக்கு 18 மீட்டர், அடுத்த நிலையான அட்வான்ஸ்டு கார்டுக்கு 30 மீட்டர். கார்டு தரும் அமைப்புகளான பேடி, எஸ்.எஸ்.ஐ. இரண்டிலும் இதே கணக்கு. பிள்ளைகளுக்கு 10 வயது ஆகியிருக்க வேண்டும். 10, 11 வயதுப் பிள்ளை கோர்ஸ் முடித்தாலும் 12 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது.

ஹேவ்லாக்கில் பேர் வாங்கிய ஆழ்கடல் இடங்கள் பல 18 மீட்டர் வாக்கில்தான் ஆரம்பிக்கின்றன. ஓப்பன் வாட்டர் கார்டோடு அங்கே போவது, மொட்டை மாடியில் நின்றுகொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்த மாதிரி. அதனால் சில டைவ் சென்டர்களில், "சும்மா ஒரு 25 மீட்டர் வரைக்கும் போயிட்டு வரலாம் சார், பாத்துக்கலாம்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அங்கே பெரும்பாலும் தருவது 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், 200 பார் அழுத்தம். மேலே வரும்போது 50 பார் மிச்சம் இருக்க வேண்டும். ஆக, செலவழிக்கக் கிடைப்பது 150 பெருக்கல் 11, அதாவது 1,650 லிட்டர் காற்று. புதியவர் ஒருவர் கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே நிமிடத்துக்கு 40 லிட்டர். 41 நிமிடம் ஓடும். 18 மீட்டரில் 56 லிட்டர், 29 நிமிடம். 30 மீட்டரில் 80 லிட்டர், வெறும் 20 நிமிடம். இறங்குவதும் ஏறுவதும் அதற்குள் அடக்கம். பயத்தில் மூச்சு வாங்கினால் அதுவும் இல்லை. ஆழத்தில் புதியவர்களுக்குக் காற்று தீர்ந்துபோவது இப்படித்தான். இன்னொன்று, கார்டு அனுமதிக்கும் ஆழத்தைத் தாண்டி ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும்.

ஜானிஸ் கார்ஜும் டிக்சன்ஸும் பார்த்தே ஆக வேண்டுமென்றால் அட்வான்ஸ்டு கோர்ஸை அங்கேயே முடித்துவிடலாம். இரண்டு நாள், ஐந்து டைவ். அதில் ஒன்று டீப் டைவ். அந்த டீப் டைவை இதில் ஒரு இடத்திலேயே வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டால், கோர்ஸ் காசிலேயே அந்த இடத்தையும் பார்த்துவிடலாம்.

2. மாதம்

கடல் கண்ணாடி மாதிரி கிடப்பது ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. தண்ணீர் 27 முதல் 30 டிகிரி. 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும், பலர் அரைக்கால் சூட்டிலேயே இறங்குகிறார்கள்.

அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் வரை நல்ல நாட்களும் கிடைக்கும், வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் உருவாகி நான்கு நாள் படகே போகாமலும் இருக்கும். தீபாவளி லீவில் போகிறவர்கள் ஒரு நாளையாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. சில சென்டர்கள் அப்போதும் திறந்திருக்கும், விலையும் இறங்கும். ஆனால் தூரத்து இடங்களை மறந்துவிட வேண்டியதுதான். கரையோர ஒதுக்கிடங்கள் மட்டுமே கிடைக்கும், அதுவும் கலங்கல்.

ஏப்ரல், மே மாதங்களில் வேறொரு சங்கடம். தண்ணீர் சூடேறும்போது பவளம் வெளுக்கும். அதைப் பற்றி ஐந்தாவது பகுதியில்.

3. தினசரி காலண்டரில் திதியைப் பாருங்கள்

புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வெளிநாட்டு வழிகாட்டிகள் நிலவைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். நமக்கு அது வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது.

அமாவாசையும் பௌர்ணமியும், அவற்றை அடுத்த இரண்டு நாட்களும் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். போர்ட் பிளேர் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர் வித்தியாசம் இருக்கும். அத்தனை தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்குள் இடம் மாற வேண்டுமே! அதுதான் நீரோட்டம். மணலும் கிளறும், கண்பார்வை தூரம் குறையும். அஷ்டமியிலிருந்து தசமி, ஏகாதசி வரை ஏற்ற இறக்கம் பாதிக்கும் கீழே குறையும். நீரோட்டம் தணிந்து தண்ணீர் தெளியும்.

அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பார்கள். முதல் டைவுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. இது வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் பொருந்தும்.

அனுபவம் உள்ளவர்களுக்கு இதுவே தலைகீழ். நீரோட்டம் இருந்தால்தான் ஜானிஸ் கார்ஜில் மீன் கூட்டம் சேரும். சீலாவும் பாரையும் நீரோட்டத்தை எதிர்த்து வரிசையாக நிற்கும். 50 டைவுக்கு மேல் அடித்தவர் என்றால் பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பின் பார்த்துத் திட்டமிடலாம். இல்லையென்றால் வேண்டாம்.

அன்றன்று நேரமும் முக்கியம். ஏற்றமும் வற்றமும் தினமும் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். ஹேவ்லாக்குக்குத் தனி அட்டவணை கிடைக்காவிட்டால் போர்ட் பிளேர் அட்டவணையைப் பாருங்கள், இந்த வேலைக்கு அது போதும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குவதற்கு இடையே தண்ணீர் அசையாமல் நிற்கும், ஸ்லாக் எனப்படும் கொஞ்ச நேரம்தான் சுவரோரமும் குன்றோரமும் இறங்கத் தோதானது. "நாளைக்கு எத்தனை மணிக்கு ஸ்லாக்?" என்று சென்டரில் கேளுங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் நல்ல சென்டர்.

4. இடங்கள், ஆழம் குறைந்ததிலிருந்து

நீமோ ரீஃப்: ஜெட்டிக்குப் பக்கத்தில் இரண்டாம் எண் கடற்கரையிலிருந்து நடந்தே இறங்குவது. 2 முதல் 10 மீட்டர். கடல் சாமந்திக்குள் கோமாளி மீன், அங்கங்கே பவளத் திட்டு, இடையில் மணல். கார்டு இல்லாதவர்களின் டிரை டைவ் பெரும்பாலும் இங்கேதான். வற்றம் நேரத்தில் மட்டும் போகாதீர்கள். முழங்கால் ஆழத்தில், சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, வழுக்கும் கல்லில் வெகு தூரம் நடக்க வேண்டும். அதற்குள் ஆள் களைத்துவிடுவார். தண்ணீரும் கூட்டத்தின் காலடியில் கலங்கியிருக்கும். ஏற்றம் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, முடிந்தால் காலை முதல் ஆளாக இறங்குங்கள்.

அக்வேரியம்: படகில் போக வேண்டும். 5 முதல் 18 மீட்டர். சரிவான கடினப் பவளம், கிளி மீன், வண்ணத்துப்பூச்சி மீன். ஓப்பன் வாட்டர் கார்டு வாங்கியவுடன் முதல் டைவுக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. ஒரே ஆழத்தில் நிலையாக மிதப்பது இன்னும் கைவராதவர்கள் மணல் பக்கமாகவே இருங்கள். காலில் மாட்டிய துடுப்பின் ஒரே உதையில் உடையும் பவளக் கிளை திரும்ப வளரப் பல வருடம் ஆகும்.

லைட்ஹவுஸ்: கலங்கரை விளக்கத்துக்கு முன்னால், படகில் சிறிது நேரம்தான். சுமார் 20 மீட்டர் வரை. பகலில் சுமார், ராத்திரியில் பிரமாதம். நைட் டைவுக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். ஆக்டோபஸ், நண்டு, தூங்கும் கிளி மீன் எல்லாம் டார்ச் வெளிச்சத்தில் கிடைக்கும்.

தி வால்: ஜெட்டிக்கு அருகே. உச்சி 10 மீட்டர் வாக்கில், அங்கிருந்து படிப்படியாக 50 மீட்டருக்கும் கீழே இறங்கும் சுவர். மென்பவளமும் கடல் நத்தைகளும் இதன் விசேஷம். பக்கத்தில் இருப்பதால் சுலபம் என்று நினைத்துவிடுவார்கள். அபாயம் என்னவென்றால், கால் ஊன்றத் தரை கிடையாது. சின்ன நத்தையைப் படம் எடுக்கிற மும்முரத்தில் 18 மீட்டர் 24 ஆகியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஐந்து மூச்சுக்கு ஒரு தடவை, ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சுவரோரம் நீரோட்டம் ஆற்று வேகத்தில் போகும்.

ஜானிஸ் கார்ஜ்: தென்கிழக்கே, படகைப் பொறுத்து ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரப் பயணம். 18 முதல் 30 மீட்டர். சங்கரா மீன் கூட்டம், சீலா, பாரை, வெண்முனைச் சுறா. பவளத்தைவிட மீனுக்காகப் போகும் இடம் என்று சொல்லலாம். பவளம் பார்க்க ஆசைப்பட்டு இங்கே வந்து ஏமாந்து போகிறவர்கள் உண்டு.

டிக்சன்ஸ் பினாக்கிள்: ஜானிஸ் பக்கத்திலேயே. கடலடியிலிருந்து எழும் மூன்று குன்றுகள். உச்சி சுமார் 18 மீட்டரில், அடிவாரம் 30ஐத் தாண்டும். மென்பவளம் ஊதாவும் ஆரஞ்சுமாக அடர்ந்திருக்கும். அட்வான்ஸ்டு கார்டு இருந்து, கடல் அமைதியாக இருந்து, ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இதையே எடுங்கள். நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்குவது நல்லது. நீரோட்டத்தில் தவறினால் குன்று எங்கே என்று தேடுவதற்குள் காற்று பாதி தீர்ந்துவிடும்.

ஜாக்சன்ஸ் பார்: 20 மீட்டர் வாக்கில் தொடங்கி 30ஐத் தாண்டும். நீண்ட மேடு, திருக்கை மீன்கள். நீரோட்டம் கடுமையானது. முதல் பயணத்துக்குத் தேவையில்லை.

டைவே வேண்டாம், மேலாக மிதந்து பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு ஹேவ்லாக்கில் எலிஃபன்ட் பீச். போர்ட் பிளேரிலிருந்தே பார்க்க வேண்டுமானால் வாண்டூர் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் ஜாலி பாய் தீவு. அது வருடம் முழுக்கத் திறந்திருக்காது, மழைக்காலத்தில் அதற்குப் பதில் ரெட் ஸ்கின் தீவுக்குப் படகு போகும். பிளாஸ்டிக் பாட்டில், பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். பெற்றோரை அழைத்துப்போகிறவர்களுக்கு அடியில் கண்ணாடி பதித்த படகும் அங்கே உண்டு.

5. பவளம் உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள்

2010 ஏப்ரல், மே மாதங்களில் கடல் சூடேறி அந்தமான் முழுக்கப் பவளம் வெளுத்தது. 2016இலும் வெளுத்தது. அடிபட்டவை பெரும்பாலும் ஆழம் குறைந்த இடத்துக் கிளைப் பவளங்கள், குறிப்பாக மான்கொம்பு வகை. உருண்டைப் பவளங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன. ஆகவே 10 மீட்டரைவிட ஆழம் குறைந்த இடங்களின் பழைய படங்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். போன சீசன் படம் கேளுங்கள். சென்டரின் விளம்பரப் படம் எந்தத் தேதியிட்டது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கீழே போனால் அடையாளம் காண்பது சுலபம். பழுப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நிறம் இருந்து, நுனி மட்டும் வெளிறியிருந்தால் அது வளர்கிறது. மொத்தமும் பளீர் வெள்ளை, ஆனால் மேலே மெல்லிய சதைத் தோல் இருக்கிறது என்றால் வெளுத்திருக்கிறது, இன்னும் சாகவில்லை. தண்ணீர் குளிர்ந்தால் பிழைக்கும். மேலே பச்சையும் பழுப்புமாகப் பாசி பஞ்சு மாதிரி படிந்திருந்தால் செத்துவிட்டது. உடைந்த விரல் மாதிரி துண்டுகள் தரையெங்கும் கிடந்தால் அந்த இடம் கிளைப் பவளக் காடாக இருந்த இடம்.

6. சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது

பேரம் பேசும் முன் இவற்றைக் கேளுங்கள். டிரை டைவில் ஓர் ஆளுக்கு ஓர் இன்ஸ்ட்ரக்டரா? கார்டு உள்ளவர்களின் டைவில் ஒரு கைடுக்கு எத்தனை பேர்? நான்குக்கு மேல் என்றால் யோசியுங்கள். படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, இருந்தால் காட்டச் சொல்லுங்கள். ஆளுக்கொரு டைவ் கம்ப்யூட்டர் வாடகையில் சேர்ந்ததா? இன்ஸ்ட்ரக்டரின் எண்ணைக் கேட்டு கார்டு தரும் அமைப்பின் தளத்தில் தட்டிப் பார்த்தால் அவர் அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதைக் கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

போர்ட் பிளேரில் ஆட்டோ, ஓட்டல் ஆட்கள் மூலம் பதிவு செய்தால் நடுவில் கமிஷன் போகும். தவிர, எந்த இடத்துக்குக் கூட்டிப்போவார்கள் என்பது உங்கள் கையில் இருக்காது. "போட் டைவ்" என்று மட்டும் ரசீது எழுதி, போய்ப் பார்த்தால் கரையிலிருந்து நூறு மீட்டரில் நிறுத்துவார்கள். ரசீதில் இடத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். கடல் சரியில்லாவிட்டால் என்ன செய்வார்கள், பணம் திரும்புமா, தேதி மாறுமா என்பதையும் சேர்த்து.

தங்கும் இடமும் இதில் சேர்த்தி. ராதாநகர் கடற்கரை அழகு என்று அங்கே அறை போட்டுவிடுவார்கள். டைவ் சென்டர்கள் இருப்பது தீவின் மறுபக்கம், மூன்றாம், ஐந்தாம் எண் கடற்கரைகளை ஒட்டி. அந்தமானில் விடிவதும் இருட்டுவதும் சீக்கிரம். டிசம்பரில் மாலை 5 மணியைத் தாண்டினால் சூரியன் இல்லை. படகுகள் காலை ஆறரை, ஏழுக்கே கிளம்பும். அந்த நேரத்துக்குப் பத்து கிலோமீட்டருக்கும் மேலே ஆட்டோ தேடி அலைய வேண்டாமே.

7. காகிதங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு ஹேவ்லாக்குக்குத் தனி அனுமதி தேவையில்லை. கப்பலுக்கும் அறைக்கும் ஆதார் மாதிரி புகைப்பட அடையாள அட்டையின் அசல் வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகட்டும். இனிஷியல் விரிவாக்கத்தில் நம்மவர்களுக்கு எப்போதும் வரும் தொல்லை இது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டோடு வருகிறவர்கள் இந்திய விசாவோடு விமான நிலைய குடியேற்றப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுத் தாளின் நகல் மூன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டின் நகல் போனில் இருந்தாலே போதும். அடித்த டைவ்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கையும் எடுத்துப் போங்கள். கடைசி டைவ் ஆறு மாதம், ஒரு வருடம் முன்பு என்றால் முதல் நாள் ரெஃப்ரெஷர் அல்லது செக் டைவ் அடிக்கச் சொல்வார்கள். அது நியாயம்தான்.

மருத்துவப் படிவம் ஒன்று தருவார்கள். அதில் ஆஸ்துமா, இதயம், காது அறுவை சிகிச்சை, வலிப்பு, கர்ப்பம் என்று வரிசையாகக் கேள்வி இருக்கும். ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்றால் டாக்டர் கையெழுத்து தேவைப்படலாம். தீவில் போய் இந்தக் கையெழுத்துக்கு அலைய முடியாது. படிவத்தை இணையத்தில் எடுத்து, ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் காட்டி வாங்கிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுத் தாண்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கரையில் அடங்கிக் கிடக்கும் ஆஸ்துமா, 15 மீட்டரில் நுரையீரலுக்குள் காற்றைச் சிறைப்பிடித்தால் ஏறும்போது அது விரியும்.

சாதாரணப் பயணக் காப்பீடு டைவிங்கை விலக்கியிருக்கும். விலக்கவில்லை என்றாலும் எத்தனை மீட்டர் வரை என்று பார்க்க வேண்டும். டைவர்களின் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் டைவர் காப்பீடு தனியாக எடுக்கலாம். உடம்பில் நைட்ரஜன் குமிழானால் தரும் மறுஅழுத்தச் சிகிச்சைக்கு ஹேவ்லாக்கில் வசதி இல்லை. போர்ட் பிளேரின் கடற்படை மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

8. செலவு

சீசனுக்குச் சீசன் ஏறும். தோராயக் கணக்கு இது. கரையிலிருந்து டிரை டைவ் 3,500 முதல் 4,500 ரூபாய். படகில் என்றால் 6,000க்கு மேல். கார்டு உள்ளவர்களுக்கு இரண்டு சிலிண்டர் டைவ், அதாவது அடுத்தடுத்து இரண்டு டைவ், 6,500 முதல் 8,500 வரை. ஓப்பன் வாட்டர் கோர்ஸ் 25,000 முதல் 38,000. அட்வான்ஸ்டு 20,000 முதல் 30,000. சொல்லும் விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜானிஸ், டிக்சன்ஸ் மாதிரி தூரத்து இடங்களுக்கு டீசல் கூடுதல் என்று தனியாக வாங்குவார்கள், குறைந்தபட்சம் இத்தனை பேர் சேர்ந்தால்தான் படகு எடுப்போம் என்றும் சொல்வார்கள். ஆகவே போய்ச் சேரும் முன்பே பேசி உங்கள் பெயரை அந்தப் பட்டியலில் போட்டுவையுங்கள்.

கோர்ஸ் செலவில் மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. பாடமும் நீச்சல்குளப் பயிற்சியும் சென்னையிலோ புதுச்சேரியிலோ முடித்துவிட்டு, நான்கு கடல் டைவை மட்டும் ஹேவ்லாக்கில் அடிக்கலாம். ரெஃபரல் என்பார்கள். 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பணம் பெரிதாக மிச்சமாகாது, ஆனால் தீவில் இரண்டு நாள் மிச்சமாகும். அந்த இரண்டு நாளில் தி வாலும் இன்னொன்றும் பார்த்துவிடலாம். பாடத்தை மட்டுமாவது ஊரிலேயே ஆன்லைனில் படித்துவிட்டுப் போங்கள். ராதாநகரில் சூரியன் மறையும்போது அறையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பது கொடுமை.

9. நாள் கணக்கு

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பல் என்றால் இரண்டரை, மூன்று நாள். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு தனியார் கட்டமரான் ஒன்றரை மணி நேரத்தில் போகும், அரசுக் கப்பல் இரண்டரை மணி. விமானம் இறங்குவதற்கும் கப்பலுக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

குறைந்தது ஆறு நாள் வேண்டும். முதல் நாள் பயணம். இரண்டாம் நாள் அக்வேரியம் மாதிரி ஆழம் குறைந்த இடம், மாலை லைட்ஹவுஸ். மூன்றாம் நாள் தி வால். நான்காம் நாள் ஜானிஸும் டிக்சன்ஸும், ஆழமானது முதலில். ஐந்தாம் நாள் டைவ் இல்லை, மாலைக் கப்பலில் போர்ட் பிளேர். ஆறாம் நாள் விமானம்.

ஐந்தாம் நாளைக் காலியாக விடுவதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறும் முன் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். 24 என்று வைத்துக்கொள்வது நிம்மதி. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் மூட்டிலும் நரம்பிலும் குமிழாகும். நான்காம் நாள் கடல் கெட்டுப்போனால் அந்த ஐந்தாம் நாள் காலையை எடுத்துக்கொள்ளலாம். 11 மணிக்குள் தண்ணீரை விட்டு ஏறினால், மறுநாள் காலை ஏழு மணி விமானத்துக்கு 20 மணி நேரம் கிடைக்கும். அதற்கு மேல் இழுக்காதீர்கள். ஹேவ்லாக்கில் மதியம் வரை டைவ் அடித்துவிட்டு அன்றிரவே சென்னை என்று திட்டம் போட்டுத் தரும் ஏஜென்ட் இருந்தால் அவரிடம் அறை மட்டும் பதிவு செய்யுங்கள்.

10. தண்ணீரில் தவறுபவை

மீசை. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது என்று பாதியில் ஏறும் ஆண்களில் பலருக்குக் காரணம் இதுதான். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு மூக்குக்குக் கீழே தோலில் உட்கார வேண்டும், முடியின் மேல் உட்கார்ந்தால் ஒழுகும். மூக்கை ஒட்டி ஒரு விரல்கடை அகலத்துக்கு மழித்துவிட்டால் தீர்ந்தது. மனசு வரவில்லை என்றால் மெலிதாக வாஸலின். ரப்பர் மாஸ்க் என்றால் வாஸலின் அதை அரிக்கும், சிலிக்கானுக்குப் பரவாயில்லை. வாரைக் கெட்டியாக இழுத்தால் ஒழுகல் கூடும், குறையாது. கண்ணாடி போடுகிறவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்னதாகக் கேளுங்கள்.

காது. இறங்கத் தொடங்கிய நொடியிலிருந்தே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். வலித்த பிறகு ஊதினால் திறக்காது. ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். சளி இருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், கீழே அதன் வேகம் தீர்ந்து ஏறும்போது அடைத்துக்கொள்ளும்.

வாந்தி. தூரத்து இடங்களுக்கு வெறும் வயிற்றோடு போகக்கூடாது. இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பூரி வேண்டாம். மாத்திரை போடுவதானால் டாக்டரைக் கேட்டு, தூக்கம் வராத வகையாகப் பார்த்து, கிளம்பும் ஒரு மணி நேரம் முன்பு.

டைட்டன் ட்ரிகர் மீன். அரை மீட்டருக்கும் மேல் நீளம், முட்டையிட்ட காலத்தில் கடிக்க வரும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் புனல் வடிவம். பயந்து மேலே போனால் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள், துடுப்பை அதன் பக்கம் காட்டியபடி.

எதையும் தொடாதீர்கள், தரையில் முட்டி போடாதீர்கள். கல் மாதிரி கிடப்பது கல்மீனாக இருக்கலாம். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்து, அதோடு டாக்டரிடம் போக வேண்டும். சன்ஸ்க்ரீனைக் குழைத்துப் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். அலையாத்தி மரங்கள் நிற்கும் ஓடைப் பக்கம் நீந்தாதீர்கள், உப்புநீர் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகை வேடிக்கைக்கு வைத்ததில்லை.

11. திரும்பும்போது பையை ஒரு தடவை கொட்டிப் பாருங்கள்

கரையில் கிடந்த செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. கடினப் பவளம் முழுக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சில சங்கு, சிப்பி வகைகளும் சட்டத்தில் உண்டு. எது எது என்று நமக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. விமான நிலைய ஸ்கேனரில் தெரியும். பிள்ளைகளின் பாக்கெட், நீச்சல் காலணி, துண்டுக்குள் சுருட்டிய பை மூன்றையும் ஹேவ்லாக்கிலேயே உதறிவிட்டுக் கிளம்புங்கள். கடையில் வாங்கிய சிப்பிப் பொருள் இருந்தால் ரசீதைக் கைப்பையில் வையுங்கள்.